பிடித்தவன் யார், பிடிபட்டவன் யார்?

தமிழில் ‘புகை பிடித்தல்’ என்று சொல்கிறோம். வங்காளிகளோ சிகரெட்டைச் ‘சாப்பிடுகிறார்கள்’. சோற்றுக்கும் தண்ணீருக்கும் வழங்கும் வினைச்சொல்லையே அவர்கள் புகைக்கும் வழங்குகின்றனர். சொல் எதுவானாலும் இரு மொழிகளிலும் செய்பவன் மனிதன். செய்யப்படும் பொருள் புகை. முதல் நாள் இந்த இலக்கணம் சரியானதுதான். பதினைந்து பதினாறு வயதில் நண்பனின் வற்புறுத்தலுக்காக ஒருவன் இருமிக்கொண்டே புகையைப் பிடிக்கிறான். பத்து ஆண்டுகள் கழிந்தபின் இலக்கணம் தலைகீழாகி விடுகிறது. அப்போது பிடிப்பது புகை, பிடிபட்டவன் மனிதன். சாப்பிடுவது சிகரெட், உணவாகிப் போனவன் மனிதன்.

கொல்கத்தாவின் தெருமுனை வெற்றிலைபாக்குக் கடைகளில் தேங்காய் நார்க்கயிறு ஒன்று தொங்குவதைக் காணலாம். அதன் நுனியில் காலை முதல் இரவுவரை கங்கு கனன்றுகொண்டே இருக்கும். ஒற்றை சிகரெட்டோ பீடியோ வாங்குபவர் அந்தக் கங்கில் பற்றவைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். கயிறு கொழுந்துவிட்டு எரிவதில்லை. எனவே அது எரிகிறது என்ற நினைவே யாருக்கும் எழுவதில்லை. மாலையில் பார்த்தால்தான் காலையில் இருந்த நீளம் இப்போது இல்லை என்பது தெரியும். புகைப்பவரின் ஆயுளும் இவ்வாறே ஓசையின்றிக் குறைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, புகையிலையால் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் சுமார் 16 லட்சம் பேர் புகைக்காதவர்கள். பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள்.

இந்த எண்கள் புதியவை அல்ல. புகைப்பவர் அனைவருக்கும் இவை ஏறத்தாழத் தெரியும். சிகரெட் பெட்டியின் பெரும்பகுதியை எச்சரிக்கைப் படமே அடைத்துக்கொண்டிருக்கிறது. 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் முகப்பில் 85 சதவீதம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. ஆயினும் அந்தப் படத்தைப் பார்த்தபடியே கை பெட்டியைத் திறக்கிறது. எனவே இங்கே குறை அறிவில் இல்லை. அறிந்த பின்னும் செய்ய வைப்பது எது? இதுவே கேள்வி.

அர்ஜுனனின் கேள்வி

இந்தக் கேள்வி குருக்ஷேத்திரத்திலேயே எழுந்தது. விரும்பாதபோதும், யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல மனிதனைத் தீமையில் ஈடுபடுத்துவது எது என்று அர்ஜுனன் பகவானிடம் கேட்டான். ரஜோ குணத்திலிருந்து பிறக்கும் ஆசையே அந்தப் பகைவன் என்று பகவான் பதிலளித்தார். தொடர்ந்து, ஆசை அறிவை மூடுவதை விளக்க மூன்று உவமைகளைக் கூறினார். நெருப்பைப் புகை மூடுகிறது; கண்ணாடியை அழுக்கு மூடுகிறது; கருவைக் கருப்பை மூடுகிறது. மூன்றனுள் முதலாவது உவமை புகை என்பது இங்கே சிந்திக்கத் தக்கது.

இந்த மூன்றும் ஒரே பொருளைச் சொல்லும் மூன்று அலங்காரங்கள் அல்ல. அவை மறைப்பின் மூன்று நிலைகளைக் குறிக்கின்றன என்று உரையாசிரியர்கள் விளக்கியுள்ளனர். புகை மெல்லிய காற்றுக்கே விலகிவிடும். கண்ணாடியின் அழுக்கு தானாகப் போகாது, துடைக்க வேண்டும். கருவோ உரிய காலம் வந்தால்தான் வெளிவரும். அதுவரை பொறுமையும் பராமரிப்பும் தேவை. புகைப் பழக்கத்தில் அகப்பட்டவர்களும் இவ்வாறு மூவகைப்படுவர். எல்லோருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லிவிட்டு, கேட்கவில்லை என்று கோபித்துக்கொள்வதில் பொருள் இல்லை.

அபின் தின்ற மயில்

பழக்கம் எவ்வாறு வேரூன்றுகிறது என்பதை பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் ஒரு மயிலைக் கொண்டு விளக்குவதுண்டு. ஒருவர் ஒரு மயிலுக்கு மாலை நான்கு மணிக்கு அபின் கொடுத்தார். மறுநாள் சரியாக நான்கு மணிக்கு அந்த மயில் அதே இடத்தில் வந்து நின்றது! குருதேவர் இதை, தம்மிடம் மீண்டும் வந்த பக்தர் ஒருவரின் ஈர்ப்பைக் குறித்து நகைச்சுவையாகக் கூறினார். எனினும் மனத்தின் இயல்பைப் பற்றிய பேருண்மை ஒன்று இதில் அடங்கியுள்ளது. மனம் பொருளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நேரத்தையும் இடத்தையும் உடனிருந்தவரையும் சேர்த்தே பதித்துக்கொள்கிறது.

இன்றைய மருத்துவமும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோடின் சில வினாடிகளில் மூளையை எட்டுகிறது. அங்கே இன்ப உணர்வைத் தரும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. உடனே உடல் மீண்டும் கேட்கத் தொடங்குகிறது. தேநீர்க் குவளை, மதிய உணவு, அலுவலகத் தொலைபேசி, நண்பனின் தோள் என ஒவ்வொன்றும் அந்த மயிலின் நான்கு மணியாகி விடுகிறது. தேநீர் வந்ததும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவுகிறது. மனிதன் தீர்மானிப்பதற்கு முன்பே மயில் வந்து நின்றுவிடுகிறது.

கொல்கத்தாவில் ‘அட்டா’ எனப்படும் நீண்ட உரையாடல் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. கல்லூரித் தெருவின் காபி ஹவுஸ் அதற்குப் பெயர்பெற்றது. சிந்தனையாளன் என்றாலே விரலிடுக்கில் சிகரெட் இருக்கும் என்ற படிமம் அங்கே பல தலைமுறைகளாக நிலவியது. சத்யஜித் ராயின் கதைகளில் வரும் துப்பறிவாளர் ஃபெலூதாவின் கையில்கூட சார்மினார் சிகரெட் இருக்கும். தமிழர்களும் இதற்கு விலக்கல்லர். சிகரெட்டைத் தூக்கிப் போட்டு உதட்டில் பிடிக்கும் திரை நாயகனைப் பார்த்துக் கைதட்டிய தலைமுறைகள் நம்மிடையே உண்டு. சிந்தனைக்கும் வீரத்துக்கும் புகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மயிலுக்கும் நான்கு மணிக்கும் இருந்த அதே தொடர்புதான் இங்கேயும்.

கையில் விளக்கிருக்க

புகையிலையை வைத்தே குருதேவர் கூறிய ஒரு கதை உண்டு. ஒருவனுக்கு நள்ளிரவில் புகைக்க வேண்டும் என்று தோன்றியது. கரியைப் பற்றவைக்க நெருப்பு வேண்டுமே! பக்கத்து வீட்டுக்குச் சென்று நெடுநேரம் கதவைத் தட்டினான். உறக்கம் கலைந்து வந்த வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் வியப்படைந்தார். நெருப்புக்காகவா இத்தனை சிரமப்பட்டு வந்தாய், உன் கையில்தான் எரியும் விளக்கு இருக்கிறதே என்றார். மனிதன் தேடுவது அவனிடமே இருக்கிறது, அவன்தான் வெளியே அலைகிறான் என்பது இந்தக் கதையின் கருத்து.

புகைப்பவர் தேடுவதும் புகையை அல்ல. ஒரு கண நேர அமைதியை, வேலைச் சுமையிலிருந்து ஒரு சிறிய விடுதலையை, தனிமையில் ஒரு துணையை அவர் தேடுகிறார். தேடல் தவறன்று, கதவுதான் தவறு. சிகரெட் பதற்றத்தைத் தணிக்கிறது என்று பலர் உறுதியாக நம்புகின்றனர். அந்தப் பதற்றத்தில் பெரும்பகுதியை உண்டாக்கியதே முந்தைய சிகரெட்தான். நூறு ரூபாயைப் பறித்துக்கொண்டு பத்து ரூபாயைத் திருப்பித் தருபவனை வள்ளல் என்று கைகூப்பி வணங்குவது போன்றது இது.

மேலும், வெளியே சென்று நின்று, சில நிமிடங்கள் பேசாமல், மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுகிறார் அவர். இந்த மூன்றில் உண்மையிலேயே ஆறுதல் தருவது தனித்திருத்தலும் மௌனமும் நீண்ட மூச்சும் ஆகும். அவை மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை. கையிலுள்ள விளக்கு அதுவே. புகை அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த களை மட்டுமே.

சட்டத்தின் இடம்

‘என் உடல், என் காசு. இதில் அரசு தலையிடலாமா?’ என்று சிலர் கேட்கின்றனர். வேறு சிலர், ‘சட்டத்தால் மனிதனைத் திருத்த முடியுமா?’ என்கின்றனர். இரண்டும் பொருட்படுத்த வேண்டிய கேள்விகளே.

தடை நம் காலத்தில் தோன்றியதன்று. போர்த்துக்கீசியர் வழியாகப் புகையிலை இந்தியாவுக்கு வந்து நெடுங்காலம் ஆகுமுன்பே, 1617-இல் பேரரசர் ஜஹாங்கீர் அதைத் தடைசெய்து ஆணையிட்டார். அந்த ஆணை நிலைக்கவில்லை. அரசனின் விருப்பம் என்ற ஒன்றைத் தவிர அதற்கு மக்கள் மனத்தில் வேர் இல்லை. இன்றைய சட்டம் அத்தகையதன்று. பொது இடத்தில் புகைப்பது, புகைக்காதவரின் வாழும் உரிமையைப் பறிக்கிறது என்ற அடிப்படையில் 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், பொது அலுவலகங்கள், பேருந்து, ரயில் போன்றவற்றில் புகைப்பதை நாடெங்கும் தடுக்க ஆணையிட்டது. 2003-இல் நாடாளுமன்றம் புகையிலைப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று நடைமுறைக்கு வந்தன. மீறுபவருக்கு 200 ரூபாய்வரை அபராதம் விதிக்க வழி செய்யப்பட்டது.

அண்ணல் காந்தியின் பிறந்த நாளில் இது தொடங்கியது பொருத்தமே. சிறுவயதில் தம் சிற்றப்பா எறிந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், பின்னர் அதற்காக வேலைக்காரரின் காசைத் திருடியதையும் காந்தியடிகள் தமது சத்திய சோதனையில் மறைக்காமல் எழுதியுள்ளார். அவர் கையில் எடுத்த முதல் துண்டு கடையில் வாங்கியது அல்ல. வீட்டுப் பெரியவர் விட்டெறிந்தது.

‘என் உடல்’ என்ற வாதத்துக்கு வருவோம். வாயில் இருக்கும்வரை புகை அவருடையது என்றே வைத்துக்கொள்ளலாம். வெளியே விட்ட பிறகு அது யாருடையது? பேருந்தின் பக்கத்து இருக்கையில் தாயின் மடியிலுள்ள குழந்தை அதை மறுக்க முடியுமா? அகிம்சை என்பது கொல்லாமை மட்டுமன்று. தன் இன்பத்துக்காகப் பிற உயிரை வருத்தாமையும் அகிம்சையே. யோக சாஸ்திரம் இதை ‘யமம்’ என்ற முதற்படியில் முதலாவதாக வைத்தது. தியானத்தில் அமர விரும்புபவர் முதலில் தம் அருகிலிருப்பவர் நிம்மதியாக மூச்சுவிட இடம் தர வேண்டும்.

அதோடு, உரிமை என்ற சொல்லையும் சற்று ஆராய வேண்டும். ஒரு செயலைச் செய்யவும் செய்யாதிருக்கவும் வல்லவனே அதில் சுதந்திரமானவன். செய்யாதிருக்க இயலாதவன் ‘இது என் சுதந்திரம்’ என்று சொல்வது, சங்கிலியைக் கழுத்தணி என்று காட்டுவதற்கு ஒப்பாகும்.

சட்டத்தால் மனிதன் திருந்துவானா? சட்டம் மட்டும் போதாது என்பது உண்மையே. ஆனால் இளஞ்செடிக்கு வேலி வேண்டும் என்று குருதேவர் கூறுவதுண்டு. மரமான பின் அதில் யானையையே கட்டலாம். பொது இடத் தடை அத்தகைய வேலி. கொல்கத்தாவில் 1984-இல் தொடங்கிய மெட்ரோ ரயில், 2021 பிப்ரவரி முதல் தட்சிணேசுவரம்வரை செல்கிறது. சுரங்க நிலையத்தின் படிகளில் இறங்குபவர் சிகரெட்டை வெளியிலேயே அணைத்துவிடுகிறார். அரைமணி, முக்கால்மணி நேரம் புகைக்காமலேயே பயணம் செய்கிறார். அந்த நேரத்தில் அவர் உயிர் போய்விடுவதில்லை. பெரும்பாலும் அதன் நினைவுகூட எழுவதில்லை. இங்கே முடியாது என்று மனத்துக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டால் அது கேட்பதையே நிறுத்திவிடுகிறது.

வங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு; தமிழ்நாட்டுக்கும் அது பழக்கமானதே. பெரியவர் எதிரே வந்தால் இளைஞன் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறான், அல்லது கீழே போட்டு மிதிக்கிறான். தந்தையின் முன் விட முடிகிறது. ஆசிரியரின் முன் விட முடிகிறது. அப்படியானால் விடும் ஆற்றல் அவனிடம் இருக்கத்தானே செய்கிறது! எல்லாத் தந்தையருக்கும் தந்தையானவர் இதயத்தில் இடையறாது வீற்றிருக்கிறார் என்ற உணர்வு ஒன்றுதான் அவனுக்குக் குறைவாக உள்ளது. சட்டம் வெளியிலிருந்து செய்வதை அந்த உணர்வு உள்ளிருந்து செய்யும்.

மகான்களும் புகைத்தார்களே!

பக்தர்கள் பலர் மனத்தில் வைத்திருந்தும் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. ஸ்ரீராமகிருஷ்ணர் ஹுக்கா புகைத்தார் என்பதை ‘அமுதமொழிகள்’ நூலைப் படித்த எவரும் அறிவர். சுவாமி விவேகானந்தரும் புகைத்தார். அப்படியிருக்க இதில் என்ன தவறு?

இதை மழுப்ப வேண்டிய அவசியம் இல்லை. அந்நாளில் வங்கத்தின் இல்லங்களில் ஹுக்கா, வெற்றிலைத் தட்டுபோல விருந்தோம்பலின் ஓர் அங்கமாக விளங்கியது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விரிவான ஆய்வுகள் வெளிப்படுத்தியது 1950-இல்தான். அறியாத காலத்தில் நடந்ததை, அறிந்த காலத்தில் ஆதாரமாகக் காட்டுவது நியாயமாகாது.

அடுத்து, சுவாமிஜியின் வாழ்க்கையில் ஹுக்கா இடம்பெறும் நிகழ்ச்சிகள் எதைக் காட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். கல்கத்தாவில் வழக்கறிஞரான அவரது தந்தையின் கூடத்தில் ஒவ்வொரு சாதியினருக்கும் தனித்தனி ஹுக்காக்கள் இருந்தன. மாற்றிப் புகைத்தால் சாதி போய்விடும் என்றார்கள். சாதி எப்படிப் போகிறது என்று பார்க்க, சிறுவன் நரேந்திரன் ஒவ்வொன்றையும் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தான். பல ஆண்டுகளுக்குப் பின்னர், துறவியாக விருந்தாவனத்தை நோக்கி நடந்து செல்கையில், வழியோரத்தில் ஒருவர் புகைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு சுவாமிஜி அதைக் கேட்டார். தாம் துப்புரவுத் தொழில் செய்யும் சாதியினர் என்று அவர் தயங்கவே, சுவாமிஜி கடந்து சென்றார். சில அடிகள் சென்றதும் அவரது மனம் அவரையே கேட்டது: சாதியைத் துறந்த சந்நியாசிக்கு இந்தத் தயக்கம் ஏன்? உடனே திரும்பிவந்து, அம்மனிதரிடமிருந்தே வாங்கிப் புகைத்தார். இங்கே அவர் வென்றது தம்முள் ஒளிந்திருந்த வேற்றுமை உணர்வை. புகை வெறும் கருவியாயிற்று. இந்த நிகழ்ச்சியைச் சொல்லித் தம் சிகரெட்டை நியாயப்படுத்துபவர், துப்புரவுத் தொழிலாளியைத் தம் வீட்டுக் கூடத்தில் அமரவைத்துச் சேர்ந்து உண்ணத் தயாரா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

அதே சுவாமிஜி 1901-இல் நோயுற்றிருந்தபோது, ஆயுர்வேத மருத்துவர் தண்ணீரும் உப்பும் கூடாது என்றார். கல்கத்தாவின் கொடும் வெயில் காலம் அது. தண்ணீரை விட்டுவிடுவது என்று அவர் மனத்தில் தீர்மானித்தார். தாகம் அதன்பின் அவரை அலைக்கழிக்கவில்லை. மனம் முழுமையாக முடிவெடுத்தால் உடல் அதற்குப் பணிந்துவிடும் என்பதைத் தம்மைச் சுற்றியிருந்தோருக்கு அவர் வாழ்ந்தே காட்டினார். மகான்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பது எடுத்துக்கொள்பவரின் கையில் உள்ளது. ஒருவர் ஹுக்காவை எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர் மனவலிமையை எடுத்துக்கொள்கிறார்.

கிரீஷ் சந்திர கோஷ்

இதுவரை சொன்னவை அறிவுக்கு. ஆனால் பழக்கத்தில் சிக்கியவரின் உண்மையான துன்பம் அறிவில் இல்லை. பத்து முறை விட்டு, பத்து முறையும் தோற்றுப்போனவர் ஒருவரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆலய வாசலில் கடைசி இழுப்பை இழுத்து, வாயைக் கொப்பளித்து, சட்டையை உதறிக்கொண்டு உள்ளே செல்கிறார். கருவறையின் முன் நிற்கும்போது, ‘ஒரு துண்டுப் புகையிலையை விட முடியாத நான் எந்த முகத்துடன் இறைவனைக் கேட்பது?’ என்று அவர் உள்ளம் குன்றுகிறது. இந்தக் குன்றல்தான் புகையைவிடக் கொடியது. புகை நுரையீரலைக் கெடுக்கிறது. இதுவோ நம்பிக்கையையே கெடுத்துவிடுகிறது.

அத்தகையவருக்காகவே கிரீஷ் சந்திர கோஷின் வாழ்க்கை அமைந்தது எனலாம். வங்க நாடக உலகின் தந்தையான அவர் பெருங்குடியர். 1884-இல் அவரது ‘சைதன்ய லீலா’ நாடகத்தைக் காண குருதேவர் ஸ்டார் தியேட்டருக்கு வந்தார். அதன்பின் கிரீஷ் அவரிடம் ஈர்க்கப்பட்டார். ஒருநாள் நள்ளிரவில் குடிபோதையில் வண்டியேறி தட்சிணேசுவரத்துக்கே வந்துவிட்டார். குருதேவர் முகம் சுளிக்கவில்லை. அவரது கைகளைப் பற்றிக்கொண்டு ஆனந்தமாக நடனமாடினார். இன்னொரு முறை, வண்டியில் எதையாவது விட்டுவிட்டாரா என்று பார்த்துவரச் சொன்னார். அங்கே இருந்தது மதுப் புட்டி! அதைக்கூட எடுத்து வைக்கச் செய்தார். குடிக்காதே என்று அவர் கிரீஷுக்குக் கட்டளையிடவே இல்லை.

மாறாக, காலையும் மாலையும் இறைவனை நினைக்கும்படிக் கேட்டார். நேரம் தவறாமல் செய்ய முடியும் என்று தோன்றாததால் கிரீஷ் மௌனமாக இருந்தார். அப்படியானால் உண்ணும் முன்பும் உறங்கும் முன்பும் நினைக்கலாமே என்றார் குருதேவர். அதற்கும் வாக்குக் கொடுக்க கிரீஷின் நேர்மை இடம் தரவில்லை. இறுதியில், ‘உன் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிடு’ என்ற கருத்தில் வக்காலத்து கேட்டார். கிரீஷ் மகிழ்ச்சியுடன் கொடுத்துவிட்டார். கட்டுப்பாடு ஏதுமில்லை என்று எண்ணிக் கொடுத்தவர், அதன் பொருளை நாளடைவில்தான் உணர்ந்தார். ‘நான் செய்கிறேன்’ என்று சொல்லும் உரிமையே இனி இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் அவரது நினைவு வந்தது. வேளைக்கு ஒருமுறை நினைக்க முடியாதவர் இடையறாது நினைப்பவரானார். குடியும் காலப்போக்கில் அவரைவிட்டு அகன்றது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, பழக்கத்தை விட்டபிறகு இறைவனிடம் செல்லலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. குளித்துவிட்டுத்தான் கங்கையில் இறங்குவேன் என்று எவரும் சொல்வதில்லை. இரண்டாவது, இன்பமான ஒன்றைப் பிடிக்காமல் பழைய இன்பத்தை விடுவது அரிது. விஷயங்களிலிருந்து விலகினாலும் அவற்றின் சுவை தங்கிவிடுகிறது, மேலான ஒன்றைக் கண்டபோதே அந்தச் சுவையும் அகலும் என்று கீதை கூறுகிறது.

மூவகையினருக்கு மூன்று வழிகள்

மேலே சொன்ன மூன்று மறைப்புகளை இங்கே நினைவுகூர்வோம்.

புதிதாகத் தொடங்கியவருக்குப் பழக்கம் புகையைப் போன்றது. சிறு காற்றே போதும். நண்பர் வட்டத்தைச் சற்று மாற்றிக்கொண்டு, ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லைக் கூச்சமின்றிச் சொல்லப் பழகினாலே விடுபட்டுவிடலாம். இந்த நிலையில் தாமதிப்பதுதான் பெருந்தவறு.

சில ஆண்டுகள் பழகியவருக்கு அது கண்ணாடியின் அழுக்கு. அன்றாடம் துடைக்க வேண்டும். கெட்ட பழக்கத்துக்கு மருந்து அதற்கு எதிரான நல்ல பழக்கமே என்பது சுவாமிஜி ‘ராஜ யோக’த்தில் வலியுறுத்தும் கருத்து. வேட்கை அலைபோல எழுகிறது; சில நிமிடங்களில் தானே தணிந்துவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒரு குவளைத் தண்ணீர், சிறு நடை, நீண்ட மூச்சுடன் நூற்றெட்டு முறை இறைநாமம். மயில் நான்கு மணிக்கு வரத்தான் செய்யும். அதற்கு அபினுக்குப் பதிலாகத் தானியத்தை இட்டுவர, அது அதற்கும் பழகிவிடும். முதல் சில நாட்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும்; சில வாரங்களில் அவை அடங்கும். வீட்டார் அந்த நாட்களில் கடுஞ்சொல்லைப் பொறுத்துக்கொண்டால் அதுவும் ஒரு சேவையே.

பல்லாண்டுகளாக ஊறியவருக்கு அது கருப்பை. காலமும் உதவியும் தேவை. மருத்துவரை நாடுவது மனவலிமைக் குறைவன்று. நிகோடின் சார்ந்திருத்தல் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. மைய அரசின் 1800 11 2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் 2016 முதல் ஆலோசனை வழங்கப்படுகிறது. இவ்வளவு வயதான பின் விட்டு என்ன பயன் என்றும் சோர வேண்டாம். பிரிட்டனில் 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. அதன்படி, 30 வயதில் விட்டவர்கள் சுமார் 10 ஆண்டு ஆயுளை மீட்டனர். 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 60 வயதில் விட்டவர்கள்கூட 3 ஆண்டுகளையும் மீட்டனர். இறைவன் தந்த உடல் அவ்வளவு மன்னிக்கும் தன்மை உடையது. உடலே இவ்வளவு மன்னிக்கும் என்றால், அதைப் படைத்தவரின் கருணையைச் சொல்லவும் வேண்டுமோ?

புகைக்காதவரின் கடமை

புகைக்காதவருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. குருதேவர் ஒரு வைத்தியரைப் பற்றிக் கூறுவார். நோயாளிக்கு மருந்தைக் கொடுத்த அவர், பத்தியத்தைச் சொல்ல இன்னொரு நாள் வரச் சொன்னார். காரணம், அன்று அவரது அறையில் வெல்லப் பாகுப் பானைகள் இருந்தன. அவற்றைக் கண்ட நோயாளிக்கு, வெல்லம் கூடாது என்ற அறிவுரையில் நம்பிக்கை வந்திராது. மகனைக் கண்டிக்கும் தந்தையும், மாணவனைத் திருத்தும் ஆசிரியரும் தத்தம் அறையில் பானை உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புகையிலை இல்லையென்றால் வெற்றிலைச் சீவலாகவோ, கைப்பேசியாகவோ, பிறரைக் குறைகூறும் இன்பமாகவோ வேறொரு பானை இருக்கலாம். தம் பானையை விடுவது எவ்வளவு கடினம் என்று உணர்ந்தவரே பிறரிடம் கனிவாகப் பேசுவார்.

கொல்கத்தாவில் சௌரங்கிச் சாலையில் நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தின் தலைமையகம் உள்ளது. 1910-இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் அதே நகரில் தொடங்கிய நிறுவனம் அது. அங்கிருந்து மெட்ரோவில் சில நிலையங்கள் தெற்கே சென்றால் ஹாஜ்ரா பகுதி. அங்கே 1950-இல் திறக்கப்பட்ட சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முர்ஷிதாபாத் கிராமங்களிலும் நம் திருநெல்வேலிச் சீமையிலும் ஏழைப் பெண்கள் பீடி சுற்றியே குழந்தைகளை வளர்க்கின்றனர். தயாரிப்பவர், விற்பவர், சுற்றுபவர், புகைப்பவர், மருத்துவமனை வாசலில் காத்திருப்பவர் என அனைவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இவர்களில் எவரையும் வெறுப்பதால் சங்கிலி அறுந்துவிடாது. தன் கையிலுள்ள ஒரு கண்ணியைக் கழற்றுவதே ஒவ்வொருவராலும் செய்யக்கூடியது.

இந்தியாவில் புகைக்கும் பெரியவர்களின் அளவு, தேசிய ஆய்வுகளின்படி 2009-10-இல் 14 சதவீதமாக இருந்தது, 2016-17-இல் 10.7 சதவீதமாகக் குறைந்தது. லட்சக்கணக்கானோர் விட்டிருக்கின்றனர், அல்லது தொடங்காமலே இருந்திருக்கின்றனர் என்பது இதன் பொருள். எதிலிருந்து ஒருவன் நீங்குகிறானோ அதனால் வரும் துன்பம் அவனுக்கு இல்லை என்பது வள்ளுவர் ‘துறவு’ அதிகாரத்தின் தொடக்கத்திலேயே காட்டும் உண்மை. துறவு என்பது காவி உடுத்தவர்க்கு மட்டும் உரியதன்று. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து, இறைவனின் திருவடியில் வைத்துவிட்டு, வெறுங்கையுடன் திரும்பும் இல்லறத்தாரும் அந்தக் கணத்தில் துறவியே. நாளை தவறினால் நாளை மறுநாள் மீண்டும் வைக்கலாம். வைக்கும் கை சலிக்கலாம். ஏற்கும் திருவடிக்குச் சலிப்பில்லை.